அழுகைச் சத்தம் கேட்காத பள்ளிக்கூடம்

"என் பையனை எங்கே விடறதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றாள் சுகன்யா.

ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன மடத்தின் குரு செண்பகவல்லி அம்மா. சிஷ்யை சுகன்யாவைவிட வயதில் இளையவர். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

திங்கட்கிழமை சுகன்யா வேலைக்குத் திரும்ப வேண்டும். மகிழனுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அவளை விட்டு அவன் இருந்ததே இல்லை.

பக்கத்தில் இரண்டு மழலையர் பள்ளிகள். ஒன்றில், பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தாய் கிளம்ப வேண்டுமாம். சொன்னதும் பிள்ளை ஓவென்று அழுகிறதாம். காலையில் அந்த வாசலில் காது கொடுக்க முடியவில்லை என்றாள்.

இன்னொன்றில் சத்தமே இல்லை. பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, அது விளையாடிக்கொண்டிருக்கும்போதே தாயைப் பின்பக்கமாக அனுப்பிவிடுகிறார்கள்.

"அங்கேயே சேர்த்துடலாம்னு இருக்கேன். ஒரு குழந்தைகூட அழலை, பாருங்க."

கேட்க வந்தவளே பதிலையும் சொல்லிவிட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு இவள் செல்லம். ஒரு தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்.

நெய் விரலில் வழிந்தது. சுகன்யா முந்திரியைத் தேடித் தேடித் தின்றாள்.

நிமிர்ந்தபோது எதிரே அம்மா இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளேயும் இல்லை, கிணற்றடியிலும் இல்லை. வாசலில் செருப்பைக் காணோம். ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ, கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மீதிப் பொங்கல் ஆறிப்போய்க் கிடந்தது.

வெகுநேரம் கழித்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு அம்மா வந்தார்.

சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?"

"ஏன், பொங்கல் நல்லாயில்லையா?"

"பொங்கல் யாருக்கு வேணும்? நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னவள் அப்படியே நின்றாள்.

அம்மா கறிவேப்பிலையைக் கீழே வைத்தார். முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, காது கொடுக்க முடியாத அந்த வாசலில் சுகன்யா மகனின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"அம்மா போயிட்டு" என்றதுமே மகிழன் ஊரைக் கூட்டினான்.

"வர்றேன்" என்பதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.