பள்ளிவாசல் படியில் பிடிபட்ட சிங்

சங்ககிரி லாரிப்பேட்டையில் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவர் நிஹால் சிங். பஞ்சாபிலிருந்து லாரியோடு வந்து, லாரி போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். கை நிறைய கிரீஸ், வாய் நிறையக் குருவின் நாமம். வேறு சொத்து கிடையாது. காலையில் கடை திறக்குமுன் சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குப் போவார். உள்ளே விழுந்து வணங்கிவிட்டு, உட்காராமல் வெளியே வந்துவிடுவார். வாசலில் அமர்ந்து, வருகிறவர்களின் செருப்பை இரு கைகளாலும் வாங்கித் துடைத்து, அந்தத் தூசியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சீக்கியர்களுக்கு இது பெரும் பேறு. கோடீஸ்வரரும் போட்டி போட்டுக்கொண்டு செய்வார். நமக்கோ செருப்பென்றாலே முகம் சுளிக்கும். பேட்டைக்காரர்கள் அவரைச் 'செருப்பு சிங்கு' என்றார்கள். அப்படிக் கூப்பிட்டாலும் "வந்துட்டனுங்க" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

அத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. செவ்வாய்தோறும் மாரியம்மன் கோயில் வாசலிலும் அதே தொண்டைச் செய்தார். ஏதோ வேண்டுதல் போலும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படிக்கும் போனார். முந்தின வாரம்தான் அங்கே இரண்டு ஜோடி செருப்பு காணாமல் போயிருந்தது. தொழுகை முடித்து வந்தவர்கள் பார்த்தால், செருப்புக் குவியலுக்கு நடுவே ஒரு தலைப்பாகைக்காரர். கையில் புத்தம்புதுச் செருப்பு வேறு! கேட்க வேண்டுமா? சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

குருத்வாராவின் தலைவர் குர்பச்சன் சிங் ஓடி வந்து மீட்டார். பத்து லாரிக்குச் சொந்தக்காரர், நல்லவர்தான். ஆனால் மானம் போயிற்றென்றால் தாங்கமாட்டார்.

"செருப்புத் திருடன்னு நம்மாளைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. நான் எப்படி வெளிய தலைகாட்டறது? அவங்க வாசல்ல உங்களுக்கு என்னண்ணா வேலை?"

"கும்பிட வந்த காலுங்க அது," என்றார் நிஹால் சிங். "நம்ம வாசல் தூசியக் கண்ணுல ஒத்திக்கறேன். அங்கத்த தூசிய மட்டும் எப்படிங்க தட்டி விடறது? ரெண்டு எடத்துலயும் கேட்டுக்கிட்டு இருக்கறவர் ஒருத்தர்தானுங்களே!"

"அப்படின்னா இனி நம்ம குருத்வாரா வாசல்ல ஒரு செருப்பையும் நீங்க தொடக்கூடாது."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பெண்டு பிள்ளை இல்லாத அவருக்கு அந்த வாசல்தான் எல்லாம். "இனி போகமாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைவர் மனம் இளகிவிடும். அதற்காகத்தான் அவரும் காத்து நின்றார். நிஹால் சிங்குக்குக் கண்ணீர் வந்தது, அந்த வார்த்தை வரவில்லை.

ஐந்து நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஒரு காலைகூடத் தவறாமல் போனார். வாசலில் வேலை இல்லாததால், உள்ளே கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சீக்கியர்கள் குருவாகவே வணங்கும் திருநூலைத் தினமும் காலையில் திறப்பார்கள். யாரும் பக்கம் தேடுவதில்லை. தானாய்த் திறந்த இடத்தில், இடப்பக்கம் மேலே உள்ள பாடலே அன்றைக்குக் குருவின் கட்டளை. அந்த வியாழக்கிழமை வந்தது, ஓர் இஸ்லாமிய ஞானியின் பாடல். குருமார் தங்கள் பாடல்களோடு பிற சமய அடியார்களின் பாடல்களையும் சேர்த்தே வைத்தார்கள். குர்பச்சன் சிங் சிறு வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அன்றுதான் அது அவருக்கு உறைத்தது. தொழுதவர் ஒருவரின் சொல்லுக்குத் தரையில் நெற்றி பட வணங்குகிறோம். தொழுதவர்களின் செருப்பைத் துடைத்தவரை விலக்கி வைத்தோமே!

சட்டென்று எழுந்து வெளியே போனார். என்னவோ ஏதோ என்று நிஹால் சிங்கும் பின்னால் ஓடினார். வெள்ளை வேட்டி சட்டையோடு தலைவர் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய டயர்ச் செருப்பை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அது என்னுதுங்க! கிரீஸுங்க, ஒட்டிக்கும்!"

தலைவர் கிரீஸ் ஒட்டிய அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே அண்ணா? என்னையும் கூட்டிட்டுப் போங்க. திருடன்னு பிடிச்சா ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கட்டும்."

எந்த வாசலில் உட்கார்ந்தாலும் தம் இறைவன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்த அந்த எளிய அன்பருக்கு நம் வணக்கம்.