நாற்பது புகைக்கு ஒரு பதக்கம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குப் பதக்கப் பைத்தியம் பிடித்தது. எந்த நாட்டில் என்று கேட்காதீர்கள். அந்தப் பைத்தியம் பிடிக்காத நாடு எது? வடக்கே பகைநாட்டோடு நடந்த போர் முடிந்து, சமாதான ஓலை கைமாறிய மறுநாளே அரசன் தட்டார் தெருவுக்கு ஆள் அனுப்பிவிட்டான். மதிலில் முதலில் ஏறியவனுக்கு வெள்ளி ஏணி, மதயானையை மடக்கியவனுக்குப் பொன் அங்குசம், மார்பில் புண்பட்டவனுக்குச் சிவப்புப் பட்டுநாடா. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு: இட்ட காவலை விட்டு இம்மியும் அகலாதவனுக்கு நீலப் பட்டுநாடாவில் கோத்த பொற்பதக்கம்.

பதக்கம் வந்தால் மார்பு நீளும் என்பது உலகவழக்கம். ஒரே மாதத்தில் வீரர்கள் எங்கெங்கிருந்தோ முளைத்தார்கள். எண்ணெய் தெறித்துக் கை வெந்த மடைப்பள்ளி அதிகாரி சிவப்பு நாடா வாங்கிக்கொண்டார். முற்றுகையின்போது மாங்காய் பறிக்க ஏணி ஏறிய ஒருவருக்கு வெள்ளி ஏணி கிடைத்தது. தானைத்தலைவர் கோளரியார் மார்பிலோ பதினொன்று! அவர் நடந்து வந்தால் சலங்கை கட்டிய வண்டிமாடு வருகிறது என்று தெருவில் குழந்தைகள் ஒதுங்கி நின்றன.

அந்த அவையில் விகடனாக இருந்தவன் வெண்காடன். பத்துப் பேர் குரலில் ஒருவனே பேசுவான். அரசனின் தும்மலை அரசனே நம்பும்படி தும்முவான். அவைக்குள் அவன் வாய் திறந்தால் சிரிப்பு. அவை கலைந்தால் அவனோடு தெருமுனை வரை நடக்கக்கூட ஆள் கிடையாது. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரையெல்லாம் சிரிக்க வைப்பவன் வீட்டில் அடுப்புக்கூட ஒழுங்காக எரிவதில்லை.

ஒருநாள் பதக்கம் கேட்டு வந்தவர்கள் வரிசையின் கடைசியில் ஒருவன் நின்றான். எலும்பும் தோலுமான உடம்பு, கறுத்துப்போன விரல்கள். பெயர் எயினன். கரடிக் கணவாயில் காவல் இருந்த நாற்பது பேரில் ஒருவன்.

"உனக்கு எந்தப் பதக்கம் வேண்டும்?" என்று கேட்டான் அரசன்.

"எனக்கு எதுவும் வேணாஞ் சாமி. ஓடிப்போனவன்னு படைக்கணக்குல என் பேருல எழுதியிருக்காங்களாம். அதை மட்டும் அழிச்சிட்டாப் போதும்" என்றான் எயினன். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான். "நாப்பது பேரு போனோம். மழையில பாதை அறுந்துபோச்சு. விஷக்காய்ச்சல் வந்து ரெண்டே மாசத்துல முப்பத்தொம்பது பேரும் போயிட்டாங்க. ஒவ்வொருத்தரையும் நான்தான் குழி வெட்டிப் போட்டேன். எதிர்ச்சரிவுல முந்நூறு பேரு எங்க அடுப்புப் புகையை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதனால நாப்பது அடுப்பையும் நானே பத்தவச்சேன் சாமி. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அஞ்சு மாசம்."

அந்நாளில் படைவீரன் ஒவ்வொருவனும் தன் சோற்றைத் தானே மூன்று கல் கூட்டிப் பொங்கிக்கொள்வான். எத்தனை புகையோ அத்தனை ஆள். ஒற்றர்கள் பாசறையைக் கணக்கெடுப்பதே அப்படித்தான்.

அவை கொல்லென்று சிரித்தது. "ஒருவன் நாற்பது அடுப்பு மூட்டினானாம்! மாமியார் வீட்டு விருந்தா?" என்றார் மடைப்பள்ளி அதிகாரி, நாடாவைத் தடவிக்கொண்டே. மற்றவர்களைச் சிரிக்க வைத்துப் பிழைக்கும் வெண்காடன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோளரியாரும் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. கணவாய்க்கு மாதந்தோறும் மாற்றுப்படை அனுப்பவேண்டியவர் அவர். மழையைச் சாக்காக வைத்து ஏழு மாதம் ஒரு ஆளையும் அனுப்பவில்லை. எயினன் சொல்வது மெய்யானால் அடுத்த கேள்வி அவரிடம்தான் வரும்.

"வேந்தே! முப்பத்தொன்பது பேர் மாண்ட இடத்தில் ஒருவன் மட்டும் உயிரோடு இருக்கிறான் என்றால் அவன் காட்டில் ஒளிந்திருந்தான் என்றே பொருள். கண்ணால் கண்ட சாட்சி இருவர் இல்லாமல் எதையும் ஏற்கலாகாது" என்றார்.

"அவனுக்காக நான் பேசுகிறேன், அரசே" என்று எழுந்தான் வெண்காடன்.

"நண்பனின் சாட்சி செல்லாது!" என்று பாய்ந்தார் கோளரியார். "சட்டத்தைத் திருத்தமாகவே எழுதிவிடுவோம். சாட்சி சொல்பவன் வீரனுக்கு உறவினனாக இருக்கக்கூடாது, நண்பனாக இருக்கக்கூடாது, ஒரே படையில் இருந்தவனாகவும் இருக்கக்கூடாது. எட்டு நாளுக்குள் அப்படி இருவரைக் கொண்டுவரட்டும். இல்லையேல் கோட்டை வாசல் கல்லில் இவன் பெயரைப் புறமுதுகிட்டவன் என்று வெட்டி நாடு கடத்துவோம். பரிந்து பேசும் விகடரும் கூடவே போகட்டும்; வழியில் பேச்சுத்துணைக்கு ஆகும்."

அரசனுக்குப் புதுச் சட்டம் என்றால் புதுப் பதக்கம் மாதிரி. அங்கேயே முத்திரை வைத்துவிட்டான்.

வெண்காடன் வீட்டுக்கு நடந்தான். கண்டவர்கள் யார்? கண்டவர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். மலையில் வேறு ஈ காக்கை கிடையாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாடு கடத்தினால் தனக்கு ஒன்றும் பெரிய நட்டமில்லை, எந்த ஊரிலும் வெறும் வீடு கிடைக்கும். ஆனால் அந்த மனிதன் ஐந்து மாதம் தனியாகச் செத்துச் செத்துக் காத்ததற்கு ஓடுகாலி என்ற பெயரா? நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் அரசன் முத்திரை வைத்த சட்டத்தை மறுபடி சொல்லிப் பார்த்தான். உறவில்லை, நட்பில்லை, ஒரே படையுமில்லை. "அட, சாட்சி இன்னார் என்று கோளரியாரே விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறாரே!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினான்.

ஏரிக்கரையில் போர்க்கைதிகள் கரை கட்டிக்கொண்டிருந்தார்கள். "கரடிக் கணவாய்க்கு எதிரே இருந்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டான். கடைசிச் சண்டையில் பிடிபட்ட மாதையன் என்ற நரைமீசைக்காரனும் பொம்மன் என்ற நெட்டையனும் மண்கூடையை இறக்கி வைத்தார்கள்.

"எதிரே எத்தனை பேர் இருந்தார்கள்?"

"நாப்பது பேருங்க. ஏழு மாசம் எண்ணிப் பாத்தோம், ஒரு புகை குறையல. பொல்லாத பசங்க" என்றான் மாதையன்.

"புகையை மட்டும் வைத்தா சொல்கிறாய்?"

மாதையன் தான் கேட்டதையும் சொன்னான். அதைக் கேட்டதும் வெண்காடன் பக்கத்தில் இருந்த பாறையில் உட்கார்ந்துவிட்டான். எயினன் இதை அவையில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது, வெறும் வீட்டில் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ளும் விகடனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எட்டாம் நாள் அவை கூடியது. விலங்கோடு இரண்டு கைதிகள் வந்து நின்றதும் கோளரியார் குதித்தார். "பகைவர்களா சாட்சி?"

"தாங்கள் கேட்டபடிதான், தானைத்தலைவரே. உறவில்லை, நட்பில்லை, ஒரே படையில்லை. இதைவிடச் சுத்தமான ஆள் வேண்டுமென்றால் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும்" என்றான் வெண்காடன். அரசன் மீசைக்குள் சிரித்தான்.

"எத்தனை பேரைக் கண்டீர்கள்?" என்றான் அரசன்.

"நாப்பது பேரு சாமி" என்றார்கள் இருவரும்.

கோளரியார் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா, வேந்தே! கடைசி வரை நாற்பது பேரும் இருந்திருக்கிறார்கள். காய்ச்சல், சாவு எல்லாம் இவன் கட்டிய கதை!"

"மாதையா, முகம் எதையாவது பார்த்தாயா?" என்று கேட்டான் வெண்காடன்.

"அம்புக்குப் பயந்து யாருங்க கிட்டப் போனது? ஆனா சத்தம் கேக்கும். தினம் பொழுது சாய்ற நேரம் பேர் கூப்பிடுவாங்க. ஒவ்வொருத்தனும் 'இருக்கேன்'னு பதில் கொடுப்பான். நாப்பது பேருக்கும் நாப்பது குரலு. நாங்க பட்டப்பேரே வச்சிருந்தோம். இருமல்காரன், மூக்கன், கீச்சுக்குரலன்..."

எயினன் தலை கவிழ்ந்தது. காதுமடல் வரை சிவந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

வெண்காடன் கைதிகள் இருவரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னான். பிறகு எயினன் பக்கத்தில் போய், மற்றவர் காதில் விழாமல், "கூப்பிடப்பா" என்றான்.

"வேணாங்க. பைத்தியம்னு சொல்லுவாங்க. மொதல்ல எதிரிக்குக் கேக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம்..." எயினன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "அப்புறம் எனக்காகத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும். கூப்பிடு."

எயினன் கண்ணை மூடிக்கொண்டான். "பூதன்!" என்று கூப்பிட்டான். "இருக்கேன்" என்று கட்டைக்குரல் ஒன்று பதில் சொன்னது. "மருதாடன்!" மூக்கால் பேசும் ஒருவன், "இருக்கேன் இருக்கேன்" என்று அலுத்துக்கொண்டான். "கோவன்!" இரண்டு முறை இருமல், பிறகுதான் "இருக்கேன்."

"அவன்தான்! இருமல்காரன்!" என்று சுவரைப் பார்த்தபடியே கத்தினான் பொம்மன். "உசிரோடயா இருக்கான்?"

அடுத்த பெயர், அடுத்த குரல். ஒன்று பயந்த குரல், ஒன்று குறும்பு, ஒன்று தூக்கக் கலக்கம். பத்தாவது பெயரில் மாதையன் பொறுக்க முடியாமல் திரும்பினான். திரும்பியவன் பார்த்தது ஒரே ஒரு ஆளை.

"ஒருத்தனா?" என்றான். "முந்நூறு பேரு இந்த ஒருத்தனுக்கா அங்கயே கெடந்தோம்?"

எயினனுக்கு அது காதில் விழவில்லை. அவன் அவையில் இல்லை, மலையில் இருந்தான். முப்பத்தொன்பது பெயரையும் கூப்பிட்டு முப்பத்தொன்பது பேருக்கும் பதில் கொடுத்தான். கடைசியில், "எயினன்!" என்று தன் பெயரையே கூப்பிட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. மறுபடியும் "எயினன்!" என்றான். எல்லார் குரலும் வந்த தொண்டையில் அவன் குரல் மட்டும் வரவில்லை.

அப்போது விலங்கு கலகலக்க ஓரடி முன்னே வந்தான் மாதையன். "இருக்கான் சாமி" என்றான் அரசனைப் பார்த்து. "அங்கதான் இருந்தான். எங்கயும் போகல. நாங்க பாத்தோம்."

அரசன் எழுந்தான். பிறகு இறங்கி வந்து, நீலப் பட்டுநாடாவில் கோத்த பொற்பதக்கத்தைத் தன் கையாலேயே எயினன் கழுத்தில் மாட்டினான். "மற்ற முப்பத்தொன்பது பேரின் பதக்கமும் அவரவர் வீடு போய்ச் சேரட்டும்" என்று ஆணையிட்டான். அதற்குப் பிறகுதான் கோளரியார் பக்கம் திரும்பினான். "ஏழு மாதம் மாற்றுப்படை ஏன் போகவில்லை?"

கோளரியார் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே வெண்காடன் கைகட்டி நின்றான். "அரசே, புதுச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? தானைத்தலைவரின் பதினொரு பதக்கத்துக்கு இருபத்திரண்டு பகைவர் சாட்சி வேண்டும். ஏரிக்கரையில் ஒருவர் விடாமல் விசாரித்தேன். போரில் இவரைப் பார்த்ததாக ஒருவனும் சொல்லவில்லை. முதுகைக்கூடப் பார்க்கவில்லையாம், அவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறார்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினொன்றும் அங்கேயே கழன்றன. கரடிக் கணவாயில் ஏழு மாதக் காவல் கோளரியார் தலையில் எழுதப்பட்டது. வெண்காடனுக்குப் பட்டாடையும் தோள்வளையும் கிடைத்தன. இன்னும் என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது, மெய் சொன்ன இருவரையும் விடுதலை செய்து ஊருக்கு அனுப்பச் சொன்னான். அரசன் மறுபடி சிரித்து, அப்படியே ஆகட்டும் என்றான்.

கதை சொல்கிறவர்கள் அரசன் சிரித்ததும் எழுந்து வேட்டியை உதறிக்கொள்வது வழக்கம். நான் கோட்டை வாசல் வரை போய் வருகிறேன், பொறுங்கள்.

விலங்கு நீங்கிய மாதையனும் பொம்மனும் கட்டுச்சோற்றோடு வாசலில் நின்றார்கள். பட்டாடையின் மடிப்புக் கலையாமல் வழியனுப்ப வந்த வெண்காடன், அங்கே எயினனைக் கண்டு, "எல்லாம் நல்லபடி முடிந்தது. இனி நிம்மதியாக இரு" என்றான்.

எயினன் கும்பிட்டான். "நீங்க செஞ்சதை ஏழு பிறவிக்கும் மறக்க மாட்டேங்க. ஆனா இவங்களையும் அனுப்பிட்டீங்களே, ஐயா. எங்க ஆளுங்க முப்பத்தொம்பது பேரையும் தினம் கேட்டவங்க இந்த ஊருல இவங்க ரெண்டு பேருதான். இனி நான் யாருகிட்டப் போயி அவங்களைப் பத்திப் பேசுவேன்?"

தான் செய்த நல்லதே இன்னொருவனைத் தனியாக்கிவிட்டது என்பது வெண்காடனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பொம்மன்தான் தொண்டையைச் செருமினான். "நாங்க கரடிக் கணவாய் வழியாத்தான் போறோம். நாலு நாள் நடை. கூட வர்றதுன்னா வாயேன்."

எயினன் பதக்கத்தை மடியில் செருகிக்கொண்டு அவர்களோடு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் மாதையன் கேட்டது வாசல் வரை கேட்டது. "ஏப்பா, அந்த இருமல்காரன் எந்த ஊரு? புள்ளகுட்டி உண்டா?"

எயினன் சொல்ல ஆரம்பித்தான். பேச்சுச் சத்தம் தேய்ந்து மறையும்வரை வெண்காடன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.