4127 என்ற எண்

பட்டாளத்தில் முப்பது வருடம் துப்பாக்கி பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் தேவசகாயம். முன்னாள் வீரர் மன்றத்தில் காட்சிக்கு வைக்கவிருந்த ஜெர்மன் மவுசர் துப்பாக்கி ஒன்றைச் சோதித்துக் குறிப்பெழுதும் வேலை அவரிடம் வந்தது.

துப்பாக்கி, காலஞ்சென்ற சுபேதார் மாசிலாமணியுடையது. இரண்டாம் உலகப் போரில், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தன்னைக் குறிவைத்த ஜெர்மானியனை முந்திக்கொண்டு சுட்டுப் பறித்ததாகச் சாகும்வரை சொன்னார். ஊரில் ஒரு தெருவுக்கே அவர் பெயர். மகள் எஸ்தர்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தேவசகாயம் எண்ணெய் போட்டுத் துடைத்தார். குழலடியில் கழுகு முத்திரையும் 4127 என்ற எண்ணும் தெரிந்தன. கட்டையின் உட்புறத்திலும் 4127. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் மட்டும் வேறு எண். யாரோ பிற்பாடு மாட்டியது.

மறுநாள், மாசிலாமணியோடு அதே போரில் இருந்த ஹவில்தார் முனியப்பனின் மனைவி ராக்கம்மா வந்தாள். துணியைப் பிரித்து ஒரு போல்ட்டை மேசைமேல் வைத்தாள். அதில் 4127.

“சாகிறதுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் காட்டினார், ஐயா. ‘அந்த ஜெர்மன்காரன் தானே கழற்றி என் கையில கொடுத்தான். கொடுத்துட்டுக் கையைத் தூக்கினான்’னார். அதுக்கு மேல பேச முடியாம அழுதார். துப்பாக்கியோட சேரட்டும்னு கொண்டாந்தேன்.”

தேவசகாயம் அதைத் துப்பாக்கியில் மாட்டினார்; கச்சிதமாகப் பூட்டியது. போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் கம்பு. அதை வைத்துக்கொண்டு அந்த ஜெர்மானியன் யாரைச் சுட்டிருக்க முடியும்?

எஸ்தரை வரவழைத்து, மாசிலாமணி சுட்டது கையைத் தூக்கிச் சரணடைந்தவனைத்தான் என்று இருவரிடமும் சொன்னார். ராக்கம்மா பதறினாள்.

“எழுதிடாதீங்க, ஐயா. நாற்பது வருஷம் அவர் வாய் திறக்கலை. கூட இருந்தவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரலை.”

எஸ்தர் போல்ட்டைக் கையில் எடுத்தாள்.

“அப்பா படுக்கையில கிடந்தப்ப, யாராவது கதவைத் திறந்தா ரெண்டு கையையும் தூக்கிடுவார், அத்தை. ஏதோ புரியாத பாஷையில கெஞ்சுவார். சார், உள்ளதை எழுதுங்க.”

ஒருத்தி கணவன் காத்த மௌனத்தைக் காக்கச் சொல்கிறாள். மற்றவள் தகப்பன் பெயர் கெட்டாலும் உண்மையை எழுதச் சொல்கிறாள். இவர்களில் யார் சொல்வது நியாயம்? தேவசகாயம் என்ன எழுத வேண்டும்?

விடை: எஸ்தர் சொல்வதே நியாயம். முனியப்பன் காத்த ரகசியத்தில் சுடப்பட்டுச் செத்த ஜெர்மானியனுக்கும் பங்கு உண்டு. அவனுக்காகப் பேச அந்த அறையில் ஒருவரும் இல்லை. தேவசகாயம் இப்படி எழுதினார்: “இதை வைத்திருந்தவன் சரணடைந்த பிறகு சுடப்பட்டான். பெயர் தெரியவில்லை.” ராக்கம்மா அதன்பின் மன்றத்துப் பக்கம் வரவேயில்லை. எஸ்தர் ஞாயிறுதோறும் வந்து துப்பாக்கி வைத்த கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.