சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்

"தப்பா ஒரு வார்த்தைகூட நான் பேசலைம்மா" என்றார் அம்பலவாணன்.

நீலாயதாட்சி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருவான அம்மைக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்தாறு, கல்லூரியில் தர்க்கம் கற்பித்து ஓய்வுபெற்றவர். வயதில் இளையவர் காலில் விழலாமா என்று நூல்களில் தேடி, விழலாம் என்று கண்டுபிடித்த பிறகே விழுந்தவர். எழுந்திருப்பது எப்படி என்று நூல்களில் இல்லை.

குருவைத் திருத்தவும் அவர் தயங்கியதில்லை. ஆசிரமத்துச் சமையல்காரரின் தாய் இறந்தபோது, துக்கம் கேட்டுத் திரும்பிய அம்மை வாய்தவறி, "போயிட்டு வரேன்" என்றுவிட்டார். அம்பலவாணன் அவரைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்.

"சாவு வீட்ல மட்டும் அப்படிச் சொல்லக்கூடாதும்மா. சொல்லிக்காம வந்துடணும். திரும்பவும் இதே காரியத்துக்கு அங்கே வரேன்னு ஆயிடும்."

அம்மை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அது போன மாதம்.

"யார்கிட்ட பேசினீங்க?" என்றார் இப்போது.

"என் தங்கச்சி தையல்நாயகிகிட்ட. மார்புல புற்றுநோய். ஈரல்வரைக்கும் போயிடுச்சாம். போய்ப் பார்த்துட்டு வந்தேன். மறுநாள் மாப்பிள்ளை போன் பண்றார். 'மச்சான், நீங்க இனிமே வரவேண்டாம்னு தையல் சொல்றா'ன்னு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். அவ இருக்கிறப்பவே அந்தக் கதவு எனக்குத் திறக்கணும். வழி சொல்லுங்க."

"என்ன பேசினீங்க?"

"எல்லாம் ஆறுதல்தான். ஒவ்வொரு வாக்கியமா அலசிப் பார்த்துட்டேன். பிழை அகப்படலை."

அம்மை எழுந்து கை கழுவினார். பாயை விரித்துப் படுத்தார். வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துப் பாதங்களின்மேல் போட்டுக்கொண்டார்.

"நான்தான் தையல்நாயகி. அன்னைக்கு நடந்தது அப்படியே நடக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

தம் ஞாபகசக்தியில் அம்பலவாணனுக்குக் கர்வம் உண்டு. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன தையல், பாதியாப் போயிட்டே. ஆளே அடையாளம் தெரியலையே."

துணி முழங்காலுக்கு ஏறியது.

"மொட்டையும் உனக்கு அழகாத்தான் இருக்கு. பழனிக்கு வேண்டிக்கிட்டதா நினைச்சுக்கோ."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டா."

துணி இடுப்புக்கு ஏறியது.

"எங்க காலேஜ் அட்டெண்டர் சம்சாரத்துக்கும் இதேதான். தைரியமான பொம்பளை. கடைசிவரைக்கும் சிரிச்சுக்கிட்டே..."

நிறுத்தினார்.

"அன்னைக்கும் இந்த இடத்துலதான் நிறுத்தினேன்" என்று குறிப்பிட்டார்.

துணி மார்புக்கு வந்தது.

"சின்ன வயசுலேருந்தே எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டே. எல்லாத்தையும் உள்ளேயே வச்சுப் பூட்டினே. அதுதான் கட்டியாயிடுச்சு. காரணம்னு ஒண்ணு இருக்கணும்ல."

கழுத்துக்கு வந்தது.

"முள்ளுச்சீத்தா இலையைக் கஷாயம் வச்சுக் குடி. டாக்டருங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

முகவாய்க்கு வந்தது.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தார்.

அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று பார்த்தார்.

துணி அம்மையின் முகத்தை மூடியிருந்தது.

"அம்மா."

பாயில் அசைவில்லை.

"அம்மா, அவ இப்படியெல்லாம் மூடிக்கலையே."

"நானும் மூடிக்கலை" என்றது துணிக்குள்ளிருந்து குரல். "வழக்கம் தெரிஞ்சவர் நீங்கதான்."

ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக அம்பலவாணன் வெகுநேரம் நின்றார்.

பிறகு தங்கை இருக்கும் கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார். உட்கார இடம் இருந்தது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.

மாப்பிள்ளை கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றார். பூட்டைத் தொடவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க, மச்சான். இப்பதான் கொஞ்சம் கண் அசந்தா."

"உள்ளே வரலை, மாப்பிள்ளை. அன்னைக்கு ஒண்ணை விட்டுட்டுப் போயிட்டேன். ஜன்னல்கிட்ட நின்னு சொல்லிட்டுப் போறேன்."

மாப்பிள்ளை தடுக்கவில்லை.

பக்கத்துச் சந்தில் நடந்து ஜன்னலுக்கு வந்தார். திரை இழுத்து விடப்பட்டிருந்தது. மருந்து வாடை அடித்தது. மன்னிப்புக் கேட்பதற்கு பஸ்ஸிலேயே வரிசைக்கிரமமாக ஒரு பேச்சுத் தயாரித்திருந்தார். அது வரவில்லை.

"தையல்."

உள்ளே கட்டில் முனகியது.

"போயிட்டு வரேன்."

திரை அசையவில்லை. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கம்பிக்கதவருகே மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்ப?" என்று கேட்டாள் தங்கை.