நின்றவனுக்குக் குழி

முன்னொரு காலத்தில், மூன்று பக்கமும் கடல் தாலாட்டிய பவழக்கோட்டையைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை; நடுவில் அகப்பட்டவர்கள் பாடு திண்டாட்டம்.

அந்த நாட்டுப் படைக்கு ஒரு சொல் உண்டு. "நின்றவனுக்குக் குழி, நடந்தவனுக்குக் கரை!" என்று முழங்கிவிட்டுத்தான் சிப்பாய்கள் சோற்றிலேயே கை வைப்பார்கள். ஒருநாள் சபையில் ராஜாவுக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. "இதை முதலில் சொன்ன வாய் எது?"

தளபதி சண்டமுகன் துள்ளி எழுந்தான். "என் பாட்டனார் வாய், மகாராஜா! உங்கள் பாட்டனார் போரில் தோற்றுத் திரும்பியபோது, கடல்நீர் ஏறி இறங்கும் கிழக்குச் சேற்றுக்கழியில் கலங்கி நின்ற படையை இப்படி முழங்கித்தான் கரை சேர்த்தார்."

"அடடா! என்ன பரிசு வேண்டும், கேள்."

"அந்தச் சேற்றுக்கழியே போதும். நண்டு பிடிக்கிற கூட்டத்தைக் கிளப்பிவிட்டு உப்பளம் போட்டுக்கொள்கிறேன்."

மந்திரி திருமேனியார் எழுந்தார். நூறு குடும்பம் அந்தக் கழியை நம்பித்தான் உலை வைக்கிறது. "மூன்று நாள் தவணை கொடுங்கள் மகாராஜா. சொல்லின் பூர்வீகத்தை நான் விசாரித்து வருகிறேன்" என்றார்.

"பகலிலேயே கனவு காண்கிறவருக்கு விசாரணை வேறா?" என்றான் தளபதி. சபை சிரித்தது. மந்திரியும் சிரித்துக்கொண்டார், அது உண்மைதானே!

மறுநாள் விடியலில் கழிக்குப் போனார். ஒரே பனிமூட்டம். வானம் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் பெண்கள் சேற்றின்மேல் குப்புறப் படுத்து, தூக்கத்தில் நீந்துகிறவர்களைப் போல ஓசையில்லாமல் நகர்ந்தார்கள். எங்கிருந்தோ ஒரு குரல் மிதந்து வந்தது. "நின்னவனுக்குக் குழி, படுத்தவனுக்குக் கரை!"

மந்திரிக்கு உடம்பு சிலிர்த்தது. தான் இருப்பது நனவா கனவா என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

குரலுக்குரியவள் செம்பாயி என்ற நண்டுக்காரி. "புதுசா வர்றவங்களுக்குச் சொல்ற சொல்லு சாமி. நின்னா உள்ள இழுக்கும், படுத்தா விட்டுரும். எங்க முன்னோரு ஒரு ராசா படையையே இப்படிப் படுக்க வச்சுக் கரையேத்தினாங்களாம்" என்றாள்.

கதை கிடைத்துவிட்டது. ஆனால் தளபதி பேச்சுக்கு எதிரில் நண்டுக்காரி பேச்சு சபையில் ஏறுமா? மந்திரி யோசித்தார். மூன்றாம் நாள் ராஜாவையும் தளபதியையும் கழிக்கே அழைத்து வந்தார்.

"தளபதியாரே, உங்கள் பாட்டனார் சொன்னபடியே நடந்து அக்கரை போய்க் காட்டுங்கள். கழி உங்களுக்கு."

தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினான். பத்தடியில் முழங்கால் புதைந்தது. பன்னிரண்டில் இடுப்பு. பனிக்குள்ளிருந்து கடல்நீர் சத்தமில்லாமல் ஏறி வந்தது.

"படுங்க சாமி, படுங்க!" என்று செம்பாயி கத்தினாள்.

"நண்டுக்காரி சொல்லி நான் படுப்பதா?"

தண்ணீர் மார்பைத் தொட்டது. தன் தந்திரம் ஓர் உயிரைக் குடித்துவிடுமோ என்று மந்திரி பயந்துபோய்க் கரையோரம் ஓடினார். "ஐயா, வீம்பு மிதக்காது, உடம்புதான் மிதக்கும்! தயவுசெய்து படுங்கள்!"

தளபதி கண்ணை மூடிக்கொண்டு குப்புற விழுந்தான். செம்பாயி ஊர்ந்து போய்த் தோளைப் பற்றி இழுத்தாள். மெல்ல மெல்லக் கால்கள் விடுபட்டன. தவழ்ந்து கரையேறியவனின் மீசையில் ஒரு குட்டி நண்டு தொங்கியது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "மந்திரி, என் பாட்டனாரும் இப்படித்தானா?"

"இப்படித்தான் மகாராஜா. செம்பாயியின் முன்னோர் படுக்க வைத்துத்தான் கரையேற்றினார்களாம். கரையேறியதும் படைக்கு வெட்கம் வந்துவிட்டது, ஒரு வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள்."

"அவர் படுக்காமல் இருந்திருந்தால்?"

"இதைக் கேட்க இன்று ஆள் இருந்திருக்காது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "இனி படை 'படுத்தவனுக்குக் கரை' என்று உள்ளபடியே முழங்கட்டும். தினமும் தளபதியே எடுத்துக்கொடுக்கட்டும்" என்றான். சண்டமுகன் தலை நிமிரவில்லை.

ராஜா செம்பாயியிடம் கைகூப்பினான். "அம்மா, இந்தக் கழி இனி உங்களுடையது."

"அது என்னைக்கும் எங்களோடதுதான் ராசா. தண்ணி ஏறுது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ராஜா மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றான்.