மூன்றாவது தடவை மாற்றிய சீல்

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் சங்ககிரிக்கு ஒருமுறை வந்து போகலாம். லாரியின் பின் அச்சைப் பிரித்துச் சேர்ப்பதில் அங்கே குரு நாகேஸ்வரிதான். வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. சீடரை அவள் அண்ணா என்பாள். குருவை அவர் அம்மணி என்பார்.

சென்னியப்பனிடம் இருப்பது ஒரே லாரி. அதை வீட்டு வாசலில் நிறுத்தித் தன் கையாலேயே வேலை பார்ப்பார். பிறத்தியார் முடுக்கிய போல்ட்டை நம்பினால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று மத்தியானம் அவர் அவளுடைய பட்டறைக்கு வேகவேகமாக வந்தார்.

"அம்மணி, மறுபடியும் ஒழுகுதுங்க."

"எந்தப் பக்கமுங்க?"

"ரெண்டு பக்கமும். ஏற்கெனவே ரெண்டு தடவை சீல் மாத்தியாச்சு. காலையில மூணாவது தடவை மாத்துனேன். பத்து மைல் ஓட்டிட்டு வந்து பார்த்தா, சக்கரத்தோரம் ஈரம்."

சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். அச்சுக்குள் இருக்கும் ஆயில் சக்கரத்துப் பக்கம் வராமல் காப்பது அதுதான். வந்தால் பிரேக் லைனரில் இறங்கும். ஆயில் குடித்த லைனர் பிடிக்காது.

"சாயங்காலம் மாப்பிள்ளை வண்டியெடுக்கறாருங்க. சாம்ராஜ்நகர்ல மக்காச்சோளம் ஏத்திட்டு திம்பம் மலையில அத்தனை கொண்டை ஊசி வளைவும் எறங்கணும். அவருக்கு மொத நடை."

அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி ஏழு மாசம்.

நாகேஸ்வரி சாமான் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழி நெடுக அவர்தான் பேசினார்.

"சீல் போலியா இருக்குமோ?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"ஆயில் அதிகமா ஊத்திட்டனோ? அச்சே வளைஞ்சிருக்குமோ?"

"வெயில்ல பேசாதீங்கண்ணா, நாக்கு வறளும்."

வாசலில் லாரி நின்றது. அவள் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தாள். சீல் கோணாமல் உட்கார்ந்திருந்தது. ஈரம் லைனர் வரை போகவில்லை.

"சுத்தமான வேலைங்க."

"அப்புறம் ஏனுங்க ஒழுகுது?"

அவள் வண்டிக்கடியில் படுத்து, அச்சின் மேல்பக்கத்தைத் தடவினாள். கறுப்புப் பெயின்ட் பூசிய ஒரு கட்டி விரலில் இடறியது. திருப்புளியால் அதைச் சுரண்டி எடுத்தாள். புஸ்ஸென்று சூடான காற்று பீறிட்டது. பக்கத்தில் குனிந்திருந்த சென்னியப்பன் பதறிப் பின்வாங்கினார்.

"இதை ஆரு அடைச்சது?"

"நான்தானுங்க. எஃப்.சி. வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டப் போனப்ப, அச்சு மேல இருக்கற அந்தச் சின்ன மூடியில ஆயில் கசிஞ்சிருந்துச்சு. பார்த்தா வண்டியைத் திருப்பி அனுப்பிருவாங்கன்னு, பசை வெச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சேன்."

"எப்போங்க?"

"ரெண்டு மாசம்..." என்றவர் நிறுத்திக்கொண்டார். சீல் ஒழுக ஆரம்பித்தும் ரெண்டு மாசம்தான்.

"வண்டி ஓடுனா உள்ள சூடாகும். காத்து போறதுக்கு இந்த வழிதானுங்க வெச்சிருக்கு. இது இல்லைன்னா அந்தக் காத்து ஆயிலோட சீலைத் தள்ளிட்டுப் போகும். இன்னொரு ஜோடி சீல் இருக்குதுங்களா?"

இருந்தது. பயப்படுகிறவர் வீட்டில் எல்லாமே இரண்டு ஜோடி இருக்கும். இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். அவர் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். சக்கரத்தோரம் விரலை வைத்தார். காய்ந்திருந்தது. மறுபடி வைத்தார். விரலை மோந்தும் பார்த்தார்.

"இனி ஒழுகாதுன்னு உறுதியாச் சொல்லுங்க அம்மணி."

"சீலுக்குச் சொல்றேன். திம்பத்துக்கு என்னால சொல்ல முடியாதுங்க."

அவர் முகம் வெளுத்தது. நாகேஸ்வரி கையைத் துடைத்தபடி வண்டியின் முன்பக்கம் போனாள். இடது மூலை நசுங்கியிருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"சுவத்துல லேசா உரசிருச்சு."

"எந்தச் சுவத்துல?"

அவர் தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

"திம்பத்துல. போன வாரம், ஒம்பதாவது வளைவு. மிதிக்கறேன், புடிக்கலீங்க. தடுப்புச் சுவத்துல சாச்சு நிறுத்துனேன். அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தேன், தரையே தெரியலை." கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கே புது லைனர் போட்டுட்டேன். ஆனா இன்னும் கண்ணை மூடுனா அந்தப் பள்ளம்தானுங்க."

"மாப்பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? ஓட்டை வண்டியைத் தலையில கட்டிட்டான் மாமனாருன்னு நினைக்க மாட்டாருங்களா?"

ஊரே கேட்க ஹாரன் அடிக்கிற மனிதர்தான். மாப்பிள்ளை முன்னால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும்.

தெருமுனையில் மாப்பிள்ளையின் பைக் திரும்பியது. நாகேஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வர்றாரு. சொல்லிருங்க."

சென்னியப்பன் அவள் வழியை மறித்தார்.

"ஒம்பதாவது வளைவைச் சொன்னா மாப்பிள்ளை பயந்துக்குவாருங்களே, அம்மணி!"

"பயந்தா, ரெண்டாம் கியர்லயே மெதுவா எறங்குவாருங்கண்ணா."