நியன்காவ் வாய் மூடின நாள்

அந்தக் காலத்துல, ஆடு மாடுக்கு மட்டுமில்ல, அடுப்புல ஏறுற மாவுக்கும் வாய் இருந்துச்சு. அரிசி பேசும், உப்பு பேசும், ஊறுகாய்ச் சாடி கொஞ்சம் அதிகமாவே பேசும். சமையல்கட்டுக்குள்ள போனா சந்தைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். அந்தக் காலத்துக்குன்னு ஒரு மரியாதையும் இருந்துச்சு. ஒருத்தர் கேட்டா பதில் சொல்லியே ஆகணும். யார் கேட்டாலும், எத்தன தடவ கேட்டாலும். பதில் சொல்லாத ஆளுக்கு ஊர்ல ஒரு வாய் தண்ணிகூடக் கிடைக்காது.

சீன தேசத்துத் தென்கடற்கரையில, அப்படி வாய் ஓயாத ஒரு ஊர்ல கூய்லான்னு ஒரு பொண்ணு வாக்கப்பட்டிருந்தா. வீட்டுக்காரன் பேரு போசெங். படகோட்டி. வருசம் பொறக்கிற சமயத்துல அந்த ஊர்ல வடகாத்து இறங்கும். அந்தக் காத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆம்பளைங்க தெக்க போவாங்க. காத்து திசை மாறினாத்தான் வீடு திரும்ப முடியும். அதுவரைக்கும் மாசக்கணக்குல கடல்தான்.

போன வருசம் போசெங்கும் அவன் தம்பி கொக்பெங்கும் ஒண்ணாப் போனாங்க. கட்டிக்கிட்டுப் போன சோத்து உருண்டை பாதி வழியிலேயே பூசணம் பூத்துடுச்சு. போசெங் எலும்பும் தோலுமா வந்து இறங்கினான். தம்பி வரல. அதுக்கு மேல அந்த வீட்ல யாரும் அதப் பத்திப் பேசல, எல்லாத்துக்கும் வாய் இருந்தும்.

அன்னையிலேருந்து கூய்லானுக்கு ஒரே யோசனை. கெட்டுப் போகாத சாப்பாடு ஒண்ணு வேணும். கருவாடு கட்டிக் குடுக்கலாம்னா, தாகம் தாகம்னு அது போடுற கூச்சல்ல படகுல ஒருத்தனும் தூங்க முடியாது. வறுத்த மாவு கட்டிக் குடுத்தா ஈரக் காத்துல கட்டியாகி அழுவும். கடைசில ஒட்டரிசிய ஊற வச்சு அரைச்சு, கரும்பு வெல்லத்தப் பாகு காய்ச்சி ஊத்தி, ஒரு சின்னக் கிண்ணத்துல அவிச்சுப் பாத்தா. யார்கிட்டயும் சொல்லாம, பரண் மேல தூக்கி வச்சுட்டா. இலையுதிர் காலத்துல வச்சது, குளிர் காலம் வந்தும் அப்படியே இருந்துச்சு. ஒரு எறும்பு வந்து தட்டிப் பாத்துட்டு, "கல்லுங்க இது"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

அந்தப் பலகாரம்தான் நியன்காவ். ஒரே ஒரு நிபந்தனை. நடு வரைக்கும் வேகணும். நடுவுல கொஞ்சம் பச்சையா இருந்தாலும் போச்சு, அங்கேருந்து புளிக்க ஆரம்பிச்சு மொத்தமும் கெட்டுடும்.

வருசப் பொறப்பன்னிக்குக் காலையிலேயே கூய்லான் வேலையத் தொடங்கினா. சாயங்காலம் கடல் நீர் ஏறினதும் படகு கிளம்பும். அதுக்குள்ள இறக்கிடணும். பெரிய மூங்கில் கூடையில இலை விரிச்சு, மாவ ஊத்தி, மூடியப் போட்டு, கொதிக்கிற தண்ணி மேல ஏத்தினா. மாவு ரொம்ப நல்ல மாவு. வயல்லயே புத்தி சொல்லி வளத்த அரிசி. "சூடு போதுமாங்க, நான் எதுவும் தொந்தரவு இல்லையே?"ன்னு கேட்டுட்டு அமைதியா உக்காந்துச்சு.

மொதல்ல வந்தது மாமியார். வாசப்படியிலயே நின்னு, "வெந்துடுச்சா?"ன்னாங்க.

"இன்னும் இல்லீங்கம்மா"ன்னு மாவு வாயத் தொறந்து சொல்லிச்சு. வாய் வழியா புஸ்ஸுன்னு ஆவி போச்சு.

"இப்பதான அத்தே ஏத்தினேன்."

"தெரியும் தெரியும். சும்மா கேட்டேன்."

அவங்க அந்தப் பக்கம் போறதுக்குள்ள, முற்றத்துலேருந்து வாத்து தலைய நீட்டுச்சு. "வெந்துடுச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க." புஸ்.

"உனக்கு எதுக்கு அது? நீயா திங்கப் போற?"ன்னு கூய்லான் கேட்டா.

"திங்கமாட்டேங்க. ஒரு தகவலுக்கு"ன்னு வாத்து சொல்லிச்சு.

அப்புறம் பன்னி வந்துச்சு. அதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு சியூஹா வந்தா. வந்த காலோட, "என்ன, வெந்துடுச்சா?" மாவு பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "வெந்திருக்காது. வெறகு ஈரம். தண்ணியும் பத்தாது. எங்க அக்கா வீட்ல எல்லாம் மூடி மேல கல் வைப்பாங்க"ன்னு மூணு குத்தம் சொன்னா.

"உங்க அக்கா இந்தப் பலகாரம் செஞ்சிருக்காங்களா?"

"இதுவா? இதென்னன்னே தெரியாது. பொதுவா சொல்றேன்."

கூய்லான் வெறக மாத்தினா, தண்ணிய ஊத்தினா, எதுக்கும் இருக்கட்டும்னு கல்லும் வச்சா. சியூஹா போகும்போது திரும்பி, "வெந்ததும் சொல்லு. இப்ப வெந்துடுச்சோ?"ன்னா. மாவு மரியாதையா, "இல்லீங்கக்கா"ன்னுச்சு. புஸ்.

உச்சி வெயில் நேரத்துல போசெங் வந்தான். வந்தவன் மேலயும் கீழயும் பாத்தான். "நான் கேக்க வரல. கயிறு தேடி வந்தேன்."

"கயிறு சமையல்கட்டுலயா இருக்கும்?"

"இருக்காதுதான்." கொஞ்ச நேரம் சுவத்தப் பாத்தான். "ஆனாலும், எந்த அளவுல இருக்கு?"

"பாதி அளவுலங்க." புஸ்.

அவன் போனதும் கூய்லான் மூடியத் தூக்கி, குச்சிய விட்டுப் பாத்தா. ஓரமெல்லாம் நல்லா வெந்திருக்கு. நடுவுல காலையில ஊத்தின மாவு அப்படியே பால் மாதிரி இருக்கு. இவ்வளவு நேரம் எரிச்ச வெறகுக்கு ஒரு எருமையவே அவிச்சிருக்கலாம். கிண்ணத்துல வச்சது அவ்வளவு சுளுவா வெந்துச்சே, இதுக்கு என்ன வந்துச்சு? இடுப்புல கைய வச்சுக்கிட்டு யோசிச்சா. கிண்ணத்துல அவிச்சது யாருக்கும் தெரியாது. அதனால அதுகிட்ட யாரும் எதுவும் கேக்கல. இது வாயத் தொறக்கிறப்பல்லாம் உள்ள சேந்த சூடு வெளிய போயிடுது. வெறகு மேல குத்தமில்ல. தண்ணி மேலயும் இல்ல. அவ கல்ல எடுத்து வெளிய வீசினா.

"இந்தா பாரு, இனிமே யார் கேட்டாலும் நீ பதில் சொல்லாத"ன்னு மாவுகிட்ட சொன்னா.

மாவு அதிர்ந்து போச்சு. "கேட்டா பதில் சொல்லாம இருக்கிறதாங்க? எங்க வம்சத்துலயே கிடையாதுங்க. வெளிய தெரிஞ்சா ஒரு சட்டியில சேப்பாங்களா எங்கள?"

சரி, இதுகிட்ட பேசிப் பலனில்லைன்னு கூய்லான் முற்றத்துக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டா. "யாரும் கேக்கக் கூடாது. கேட்டா அது வாயத் தொறக்கும். தொறந்தா சூடு போகும். சூடு போனா வேகாது. வேகலன்னா கெட்டுப் போகும். புரியுதா?"

எல்லாரும் தலையாட்டினாங்க. பன்னிகூட ஆட்டுச்சு. கூய்லான் உள்ள வந்து அடுப்பத் தூண்டிவிட்டு, மூச்சு விட்டு உக்காந்தா. உக்காரலன்னே சொல்லலாம், அதுக்குள்ள வாத்து வந்து நின்னுச்சு.

"ஒரு சந்தேகங்க."

"என்ன?"

"கேக்கக் கூடாதுன்னீங்க. அது வேகுற வரைக்கும் மட்டுமா, வெந்தப்புறமும் கேக்கக் கூடாதா? அது தெரியணும்னா, இப்ப எந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரியணுமில்லீங்களா?"

"வேகுற கட்டத்துலதாங்க"ன்னு கூடைக்குள்ளேருந்து குரல் வந்துச்சு. புஸ்.

கூய்லான் துடைப்பத்த எடுத்தா. வாத்து பறக்கக்கூடிய பறவைங்கிறது அன்னிக்குத்தான் அந்த வாத்துக்கே தெரிஞ்சுச்சு.

திரும்பி வந்து பாத்தா, வாசப்படியில மாமியார். எதுவும் கேக்கல. ஒரு கால்லேருந்து இன்னொரு கால்ல மாத்தி மாத்தி நிக்கிறாங்க. அடுப்பப் பாக்கிறாங்க, இவளப் பாக்கிறாங்க, மறுபடி அடுப்பப் பாக்கிறாங்க. கேட்டிருந்தாக்கூடத் தேவல.

"அத்தே, போய் உக்காருங்களேன்."

"நான் எதுவும் கேக்கலையே. கேக்கக் கூடாதுன்ன, கேக்கல. வெந்தா நீயே சொல்லிடு." ரெண்டு அடி போயிட்டுத் திரும்பினாங்க. "வெந்துடுச்சுன்னா சொல்லுவல்ல?"

"நானே சொல்றேங்கம்மா, இன்னும் இல்லீங்க"ன்னுச்சு மாவு. புஸ்.

கூய்லான் கையில இருந்த கரண்டியத் தூக்கி அடுப்படியில எறிஞ்சா. "உங்க எல்லாருக்கும் என்னதான் வேணும்? ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதா? உங்க புள்ளைக்குத்தான அத்தே செய்யறேன்!"

மாமியார் வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. "போன தடவ நான் கேக்கலம்மா. இந்தச் சோறு அங்க போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமான்னு ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு பேரு கையிலயும் மூட்டையக் குடுத்துட்டு, சும்மா நின்னு கையாட்டினேன்."

கூய்லானுக்கு வந்த கோவத்துக்கு உக்கார இடமில்லாமப் போச்சு. குனிஞ்சு கரண்டியப் பொறுக்கினா.

அந்த நேரம் பாத்துக் கரையிலேருந்து சங்குச் சத்தம் வந்துச்சு. நீர் ஏறத் தொடங்கியாச்சு, மூணாவது சங்குக்குப் படகு கிளம்பிடும். போசெங் தோள்ல மூட்டையோட ஓடி வந்தான். "இருக்கிறதக் குடு, போதும்."

"நடு வேகல."

"வேகலன்னா என்ன? பேச்சுத் துணைக்காவது ஆகும். போன தடவ தம்பி போனப்புறம் அந்தப் படகுல என்கிட்ட ஒரு வார்த்த பேச நாதியில்ல, கூய்லான். இது நல்லாப் பேசுது. மரியாதையாப் பேசுது. போதும் எனக்கு."

கூய்லான் அவனப் பாத்தா. பேசுற பலகாரத்த இப்பக் கட்டிக் குடுக்கலாம். அது கொஞ்ச நாள் பேசும். அப்புறம் நடுவுல பூசணம் பூக்கும். அப்பவும் கேட்டா மரியாதையா உண்மையச் சொல்லும், "கெட்டுப் போயிட்டேங்க"ன்னு. அதுக்கப்புறம் தின்ன என்ன இருக்கும்?

மூடிய எடுத்துட்டு மாவுக்குப் பக்கத்துல குனிஞ்சா. "நீ பேசினா இவரு திரும்ப மாட்டாரு. தெரியுதா?"

"தெரியுதுங்க. நானும் அடக்கித்தான் பாக்குறேன். ஆனா கேட்டதும் வாய் தானாத் தொறந்துக்குதுங்க. அதுக்கு நான் என்ன பண்றதுங்க?" பாவம், அழுவுற மாதிரி சொல்லிச்சு.

மாமியாரால அதுக்கு மேல தாங்க முடியல. சங்கு ரெண்டாவது தடவ ஊதினதும், அடக்கி வச்சதெல்லாம் சேந்து வெளிய வந்துடுச்சு. "ஐயோ, இப்பவாவது வெந்துடுச்சாப்பா?"

மாவு வாயத் தொறந்துச்சு. "இன்..."

கூய்லான் பக்கத்துல வருசப் பொறப்புத் தட்டுல இருந்த காஞ்ச சிவப்பு இலந்தைப்பழத்துல ஒண்ண எடுத்து, நடுவுல தொறந்த அந்த வாய்க்குள்ள வச்சு, கட்டை விரலால ஒரே அழுத்து அழுத்தினா. "மன்னிச்சுக்க"ன்னு சொல்லி மூடியப் போட்டா.

சமையல்கட்டுல சத்தமே இல்ல. அந்த மாதிரி ஒரு அமைதிய அங்க யாரும் அதுக்கு முன்ன கேட்டதில்ல. ஊறுகாய்ச் சாடிகூட வாய மூடிக்கிச்சு. மாமியார் பயந்து போய், "கோவமா?"ன்னு கேட்டாங்க. கேட்டும் பதில் வரல. வெல்ல வாசனைதான் வந்துச்சு. மொதல்ல லேசா, அப்புறம் தெரு வரைக்கும். போகவேண்டிய ஆவியெல்லாம் உள்ளேயே சுத்தி, நடுவப் பிடிச்சுக்கிச்சு. மூணாவது சங்குக்கு முன்ன கூய்லான் மூடியத் தொறந்து குச்சிய விட்டா. குச்சி சுத்தமா வந்துச்சு. பலகாரம் செம்மண் நெறத்துல, பளபளன்னு, நடுவுல ஒரு சிவப்புப் பழத்தோட உக்காந்திருந்துச்சு. போசெங் அத இலையோட வாங்கிக் கட்டிக்கிட்டு ஓடினான். பேச நேரமில்ல.

காத்து மாறுற வரைக்கும் கூய்லானும் மாமியாரும் கடலப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எப்ப வருவான்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கல.

காத்து மாறி ஒரு மத்தியானம் படகு வந்துச்சு. போசெங் இறங்கினான். போனப்ப இருந்ததவிட ஒரு சுத்துப் பெருத்திருந்தான். மாமியார் அவன் கன்னத்தக் கிள்ளிக் கிள்ளிப் பாத்து, நெசம்தான்னு நிச்சயம் பண்ணிக்கிட்டாங்க.

"பூசணம்?"னு கூய்லான் கேட்டா.

"ஒரு புள்ளிகூட இல்ல. கத்தி உள்ள போகல, நூலப் போட்டு அறுத்தோம். நெருப்புல வாட்டினா இளகிடும். வாயில போட்டா ஒட்டிக்கும் பாரு, பல்லப் பிடிச்சா விடாது. சொல்ல விடாம நீ அடைச்சியே, அந்தப் பேச்செல்லாம் உள்ளேயே கிடக்கு போல, திங்கிறவன் வாயப் பிடிச்சு இழுக்குது. கரை எப்ப வரும் கரை எப்ப வரும்னு ஒரு பய நச்சரிப்பான், அவனுக்குப் பெரிய துண்டாக் குடுத்துட்டேன்."

"பேச்சுத் துணைதான் இல்லாமப் போச்சு."

போசெங் தோள் மூட்டைய இறக்கி வச்சான். "நான் பேசினேன். தம்பியப் பத்தியெல்லாம் பேசினேன். அது கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

அடுத்த வருசப் பொறப்புக்கு ஊர்ல எல்லா வீட்டு அடுப்புலயும் நியன்காவ் ஏறுச்சு. கூய்லான் வீட்ல மாமியார் விடிஞ்சதுமே வந்து அடுப்புக்குப் பக்கத்துல மணையப் போட்டு உக்காந்துட்டாங்க. கூய்லான் ஒரு பார்வை பாத்தா. அவங்க தட்டுலேருந்து ரெண்டு இலந்தைப்பழத்த எடுத்தாங்க. ஒண்ண மருமக கையில குடுத்தாங்க, மாவுல வைக்கிறதுக்கு. இன்னொண்ண தன் வாயில போட்டு ஒதுக்கிக்கிட்டு, பலகாரம் இறங்குற வரைக்கும் அசையாம உக்காந்திருந்தாங்க.

அன்னையிலேருந்துதான், நியன்காவ் நடுவுல ஒரு சிவப்பு இலந்தைப்பழம் இருக்கு, தின்னா பல்லோட பல்லு ஒட்டுது, அது அடுப்புல வேகுற நேரத்துல யாரும் வெந்துடுச்சான்னு கேக்கறதில்ல.